பழைய காருக்கு நீட்டித்த உத்தரவாதம்: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?



தோட்டப்புறத்தில் ஒரு குடும்பம் கார் வாங்குகிறது என்றால், அதைப் பெருமைக்காக வாங்குவதாகச் சொல்லிவிட முடியாது. உலு திராமிலும் கூலாயிலும் கோத்தா திங்கியிலும் செம்பனைக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கு அந்தத் தேவை நன்றாகத் தெரியும். இரவு பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கு எப்படிப் போவது? பாசீர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் இரவு வேலை முடிந்து எப்படி வீடு திரும்புவது? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் பழைய கார் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

கார் வரும்போது அதோடு சில காகிதங்களும் வருகின்றன. வண்டிப் பதிவு, காப்புறுதிப் பத்திரம், வங்கியின் தவணை ஒப்பந்தம் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. இப்போது நான்காவதாக இன்னொன்றும் வருகிறது. 'நீட்டித்த உத்தரவாதம்' என்பது அதன் பெயர். "இதை எடுத்துக்கொள்ளுங்கள், கார் கெட்டுப்போனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று விற்பவர் சொல்வார். அதற்கென்று ஒரு தொகையும் கேட்பார். கார் வாங்கும் மகிழ்ச்சியிலும் அவசரத்திலும் நாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போதுதான், இதை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்வியை எப்படி ஆராய்ந்து முடிவு செய்வது என்பதைத்தான் இன்று நாம் சேர்ந்து பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். காப்புறுதி வேறு, உத்தரவாதம் வேறு. காப்புறுதி என்பது விபத்து, திருட்டு, தீ போன்றவற்றுக்கானது. நம் காரால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் காப்புறுதி இருந்தே ஆக வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கட்டளை. உத்தரவாதம் அப்படிப்பட்டதன்று. ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஒரு பாகம் தானாகப் பழுதடைந்தால், அதைச் சரிசெய்து தருவதாகக் கொடுக்கும் வாக்குறுதியே உத்தரவாதம். மரம் விழுந்து கண்ணாடி உடைந்தால் உத்தரவாதம் உதவாது. கியர் பெட்டி கெட்டுப்போனால் காப்புறுதி உதவாது.

வெள்ளத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை ஜொகூர்வாசிகள் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களிலும் வெள்ளம் வந்தது. வெள்ளத்தில் நனைந்த இயந்திரத்தை உத்தரவாதக் காகிதங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதற்குக் காப்புறுதியில் தனியாகப் பணம் கட்டிப் பாதுகாப்புச் சேர்க்க வேண்டும். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் இதை முதலில் கவனிப்பது நல்லது.

அடுத்து, பழைய கார் வியாபாரத்தின் இயல்பைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001இல் அவருக்கு வேறு இருவரோடு பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன கருத்து நம் சந்தைக்கடைப் பாட்டிக்கும் தெரிந்ததுதான். விற்பவருக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்தக் காரையும் முழுமையாக நம்புவதில்லை, நல்ல காருக்கும் நல்ல விலை கொடுக்க மாட்டார். நல்ல கார் வைத்திருப்பவர் இந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் குறையுள்ள கார்களே பெருகும். இந்தச் சிக்கலுக்கு அவர் சுட்டிய பரிகாரங்களில் ஒன்று உத்தரவாதம். தன் சரக்கின்மீது நம்பிக்கை உள்ளவர்தான், "கெட்டுப்போனால் என் செலவில் சரிசெய்கிறேன்" என்று சொல்லத் துணிவார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். விற்பவர் தம் சொந்தச் செலவில் கொடுக்கும் உத்தரவாதம் அவருடைய நம்பிக்கைக்கு அடையாளம். நம்மிடம் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் பெயரில் தரும் உத்தரவாதம் அப்படியன்று. அதுவும் ஒரு விற்பனைச் சரக்குத்தான். காருக்கு விலை பேசியதுபோல அதற்கும் விலை பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது அந்தக் காகிதத்தைக் கையில் எடுப்போம். பெரும்பாலும் அது மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். கவலை வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ உட்காரவைத்து, ஓய்வு நாளில் வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். தாயும் தந்தையும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். குடும்பத்தின் பணம் போகிற காரியத்தில் குடும்பமே உட்கார்ந்து யோசிப்பதுதான் முறை.

முதல் கேள்வி: வாக்குறுதி கொடுப்பது யார்? கார் விற்ற கடையா, தனி உத்தரவாத நிறுவனமா, காப்புறுதி நிறுவனமா என்று பார்க்க வேண்டும். கடையே கொடுத்திருந்தால், கடை மூடப்பட்டுவிட்டால் வாக்குறுதியும் போய்விடும். காகிதத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். நம் பெயரும் வண்டி எண்ணும் சரியாக இருக்கின்றனவா, பணம் கட்டியதற்கு ரசீது இருக்கிறதா என்றும் பாருங்கள். ரசீது இல்லாத உத்தரவாதம் வெறும் வாய்ப்பேச்சு.

இரண்டாவது கேள்வி: எந்தெந்தப் பாகங்கள் அதில் அடங்கும்? இதுதான் முக்கியமான கேள்வி. பல ஒப்பந்தங்கள் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் மட்டும் ஏற்கின்றன. அவற்றிலும் உள்ளே இருக்கும் சில உறுப்புகளை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கும். பட்டியலில் இல்லாதது எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பேட், டயர், பேட்டரி, கிளட்ச் தட்டு, துடைப்பான் ஆகியவை ஓட ஓடத் தேயும் சாமான்கள். இவற்றைப் பொதுவாக யாரும் ஏற்கமாட்டார்கள். பழைய காரில் நாம் அடிக்கடி செலவழிப்பது இவற்றுக்குத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. குளிர்சாதனக் கம்ப்ரஸர், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், தண்ணீர் ரேடியேட்டர், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை சில ஒப்பந்தங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, நம் காரை நன்றாகத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போங்கள். கார் விற்றவரின் பட்டறை வேண்டாம், வேறு பட்டறைக்குப் போங்கள். "அண்ணே, இந்த வண்டியில் அடுத்த ஓராண்டில் எது கெட்டுப்போகலாம்? அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் சிறு கூலி வீண்போகாது. ஒவ்வொரு காருக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2005இல் வெளிவந்த முதல் தலைமுறை பெரோடுவா மைவியின் 1.3 இயந்திரத்தில் டைமிங் சங்கிலி இருக்கிறது. புரோட்டோன் சாகா பி.எல்.எம். வகையின் கேம்புரோ இயந்திரத்தில் இருப்பதோ ரப்பராலான டைமிங் பெல்ட். ரப்பருக்கு வயது உண்டு. குறித்த காலத்தில் மாற்றாமல் விட்டு அது அறுந்துவிட்டால், இயந்திரத்தின் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிப் பெருஞ்செலவில் கொண்டுபோய்விடும். அப்போது உத்தரவாத நிறுவனம், "பெல்ட்டை ஏன் காலத்தில் மாற்றவில்லை?" என்றுதான் முதலில் கேட்கும். ஆகவே அப்படிப்பட்ட காரில், உத்தரவாதம் வாங்குவதற்கு முன் பெல்ட்டை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

சி.வி.டி. என்ற வகைத் தானியங்கிக் கியர் உள்ள பழைய காராக இருந்தால் கணக்கு வேறு. அதைப் பழுதுபார்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்தக் கியர் பெட்டி முழுமையாகப் பட்டியலில் இருக்கிறது என்றால், உத்தரவாதத்துக்கு உண்மையான பெறுமானம் உண்டு.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு கொடுப்பார்கள்? ஒரு தடவைக்கு இவ்வளவு, மொத்தத்தில் இவ்வளவு என்று உச்ச வரம்பு எழுதியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முதல் நூறோ இருநூறோ நாமே கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். சில காகிதங்களில், கார் பழையதாக ஆக உதிரிபாக விலையில் ஒரு பங்கை நாம் ஏற்கவேண்டும் என்றும் எழுதியிருக்கும்.

நான்காவது கேள்வி: நம் கடமைகள் என்ன? குறித்த காலத்துக்கு ஒருமுறை, அதாவது இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம் என்ற கணக்கில், அவர்கள் சொல்லும் பட்டறையில் இஞ்சின் எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். அந்தப் பட்டறை நம் தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம்? அங்கே எண்ணெய் மாற்றும் கூலி என்ன? நம் பக்கத்துப் பட்டறையைவிட அதிகம் என்றால், அந்தக் கூடுதல் செலவையும் உத்தரவாதத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

காரை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதும் இதில் சேரும். வாடகைக்கு ஆள் ஏற்றினாலோ பொருள் விநியோகம் செய்தாலோ உத்தரவாதம் செல்லாது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்கே கார் நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவும் பழுதுச் செலவும் கிடைக்குமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: கார் ஏற்கெனவே வேறு பாதுகாப்பில் இருக்கிறதா? பெரோடுவாவும் புரோட்டோனும் அண்மை ஆண்டுகளில் தங்கள் புதிய கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் கொடுத்து வந்திருக்கின்றன. நாம் வாங்கிய கார் மூன்று வயதுக் காராக இருந்து, முந்திய உரிமையாளர் ஒழுங்காகச் சேவை செய்திருந்தால், உற்பத்தியாளரின் உத்தரவாதமே மிச்சம் இருக்கலாம். வண்டி எண்ணையும் சேவைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அந்நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்டுவிடலாம். ஒரே பாகத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. அதுபோலவே, பாதுகாப்புக் குறை காரணமாக உற்பத்தியாளர் திரும்ப அழைக்கும் கார்களில் அந்தப் பழுதை நீக்க நாம் பணம் கட்டத் தேவையில்லை. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப் பைகள் குறையுள்ளவை என்று தெரியவந்தபோது, மலேசியாவிலும் அவை இலவசமாக மாற்றிக் கொடுக்கப்பட்டன. பழைய ஹோண்டா முதலிய கார்களை வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது பணத்தைக் கடந்த விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது.

ஆறாவது கேள்வி: விட்டுவிட நினைத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்? இந்த வரி காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, கடைசி நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். நாள் கடந்துவிட்டால் முடிவெடுக்கும் உரிமை நம் கையைவிட்டுப் போகலாம்.

சரி, கேள்விகள் முடிந்தன. இனி கணக்குப் போடுவோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் காகிதத்தில் உள்ள தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு குடும்பம் பத்து வயது மைவி ஒன்றை வாங்கியிருக்கிறது. ஓராண்டு உத்தரவாதத்தின் விலை 1,500 வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆக, ஏறக்குறைய ஒருவரின் ஒரு மாத உழைப்பு அந்தக் காகிதத்துக்குப் போகிறது. ஒரு தடவைக்கு உச்ச வரம்பு 2,000 வெள்ளி. முதல் 200 வெள்ளி குடும்பத்தின் பொறுப்பு.

ஆல்டர்னேட்டர் கெட்டுப்போய் 600 வெள்ளி செலவு வருகிறது. நிறுவனம் 400 கொடுக்கிறது, குடும்பம் 200 கட்டுகிறது. உத்தரவாதத்தின் விலையையும் சேர்த்தால் குடும்பத்தின் செலவு 1,700 வெள்ளி. உத்தரவாதமே இல்லாமல் இருந்திருந்தால் 600 வெள்ளியோடு போயிருக்கும்.

பெரிய பழுது வருகிறது என்று வைப்போம். கியர் பெட்டிக்கு 4,500 வெள்ளி. நிறுவனம் வரம்புப்படி 2,000 கொடுக்கும். மீதி 2,500 குடும்பத்தின் தலையில். முன்பு கட்டிய 1,500 சேர்ந்து மொத்தம் 4,000. இவ்வளவு பெரிய ஆபத்து வந்தும் மிச்சமானது 500 வெள்ளிதான். பழுதே வராவிட்டால் 1,500 வெள்ளியும் போனது போனதுதான்.

இன்னொரு விதமாகவும் பார்ப்போம். நான்கு குடும்பங்கள் இதே உத்தரவாதத்தை வாங்குகின்றன. ஓராண்டில் நான்கில் ஒரு காருக்குப் பெரிய பழுது வருகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நால்வரும் சேர்ந்து கட்டியது 6,000 வெள்ளி. ஒருவருக்குத் திரும்ப வந்தது 2,000 வெள்ளி. மீதி 4,000 எங்கே போனது? முகவரின் தரகு, அலுவலகச் செலவு, இலாபம் என்று போனது. பலர் சேர்ந்து சிறு தொகை போட்டுக் காரியம் சாதிப்பது நமக்குப் புதிதன்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அங்கே போட்ட பணம் உறுப்பினர்களின் சொத்தாக நின்றது. இங்கே நிற்பதில்லை. அதனால்தான் எவ்வளவு போடுகிறோம், எவ்வளவு திரும்ப வரும் என்று இங்கே கூடுதலாகக் கணக்குப் பார்க்கிறோம்.

ஆனால் எல்லா உத்தரவாதமும் மோசம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். விலை 900 வெள்ளி, வரம்பு 8,000 வெள்ளி, கியர் பெட்டி முழுதும் அடங்கும், பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு குடும்பங்கள் கட்டுவது 3,600 வெள்ளி. பழுது வந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது 4,300 வெள்ளி. இப்படி ஒன்று கையில் கிடைத்திருந்தால் அதை விடாமல் வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு காகிதங்களுக்கும் பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் எண்கள்தாம் வேறு.

கடன் வாங்கி உத்தரவாதத்துக்குக் கட்டுவதாக இருந்தால், வட்டியையும் சேர்க்க வேண்டும். முழுத் தொகைக்கும் முதலிலேயே வட்டி போடும் பழைய முறைப்படி நூற்றுக்கு 4 வீதம் 7 ஆண்டு என்றால், 1,500 வெள்ளிக்கு வட்டி மட்டும் 420 வெள்ளி. ஓராண்டில் முடிந்துபோகும் உத்தரவாதத்துக்கு ஏழு ஆண்டு தவணை கட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் உத்தரவாதத்தை விட்டுவிட்டால் நம் பாதுகாப்பு என்ன? இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று நம் சேமிப்பு, மற்றொன்று நாட்டின் சட்டம்.

சேமிப்பை எடுத்துக்கொண்டால், 1,500 வெள்ளியை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 125 வெள்ளி. இதை 'கார்ப் பணம்' என்று தனியாக பேங்க் சிம்பானான் நேஷனலில் ஒரு கணக்கில் போட்டு வாருங்கள். பழுது வந்தால் எந்தப் பட்டறையிலும், எந்தப் பாகத்துக்கும், யாருடைய அனுமதியும் இன்றிச் செலவழிக்கலாம். பழுது வராவிட்டால் அந்தப் பணம் நம்முடையதாகவே இருக்கும். ஆனால் ஒன்று: உத்தரவாதத்தை விட்டுவிட்டு, திரும்பி வந்த பணத்தைத் தீபாவளிச் செலவில் கரைத்துவிட்டால் இரண்டும் கெட்டதாகிவிடும். சேமிக்கவே முடியாது, திடீரென்று மூவாயிரம் வெள்ளி செலவு வந்தால் வட்டிக்கடைக்குத்தான் போகவேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பம், நல்ல நிபந்தனையுள்ள உத்தரவாதத்தை வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. யாருடைய நிலைமை எப்படி என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

சட்டத்தை எடுத்துக்கொண்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாகனங்களுக்கும் பொருந்தும். வியாபாரி விற்கும் பொருள், அதன் விலைக்கும் இயல்புக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பத்து வயதுக் கார் புதுக் கார் போல இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய மறுவாரமே கியர் பெட்டி விழுந்துவிட்டால், "பழைய கார்தானே" என்று வியாபாரி கையைக் கழுவிவிட முடியாது. இந்த உரிமைக்கு நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்த நண்பரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அது வியாபாரிகளுக்கானது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. அங்கே பழைய கார்களும் இதில் அடங்கும். பழைய பொருள் வாங்குபவருக்கும் உரிமை உண்டு என்ற எண்ணம் இப்படிப் பல நாடுகளில் வலுப்பெற்றுவருகிறது.

நம் நாட்டில் தவணையில் கார் வாங்குவோர் ஒரு விஷயத்தில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம், தவணையில் கொடுக்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பழைய பொருளுக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. "இது பழைய பொருள், தரம் பற்றிய எந்த உத்தரவாதமும் இல்லை" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்து, அதை நாம் அறிந்துகொண்டதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு நமக்குக் கிடைக்காது. நாம் போடும் ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு வலிமை. ஆகவே, நிரப்பாத படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைச் சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். பெயர் மாற்றத்துக்குப் பி5, தவணைக் கடனுக்குப் பி7 என்று புஸ்பகோம் போன்ற நிலையங்களில் பரிசோதனை நடக்கும். அது தேவையானது. ஆனால் கியர் பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அது சொல்லாது. "பரிசோதனை முடிந்த கார், ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

விட்டுவிடுவது என்று முடிவானால் எப்படிச் செய்வது? வாயால் சொன்னால் போதாது. தேதியிட்டு, வண்டி எண், ஒப்பந்த எண் எழுதி, "இந்த உத்தரவாதத்தை ரத்து செய்கிறேன், என் பணத்தைத் திருப்பித் தரவும்" என்று சுருக்கமாக ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்யும்போது, மொத்த விலையில் நூற்றுக்கு 5, அதுவரை பெற்ற சேவையின் மதிப்பு முதலியவற்றை மட்டுமே கழிக்கலாம் என்கிறது. உங்கள் காகிதம் அந்தப் பிரிவில் வருமா என்பதை, காகிதத்தைக் கையோடு கொண்டுபோய் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேளுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், அதற்கும் ஒழுங்கு வேண்டும். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வெப்பநிலை முள் சிவப்புக்கு ஏறினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டிப்போனால், சிறிய தண்ணீர்க் கசிவு இயந்திரத்தையே கெடுத்துவிடும், கோரிக்கையும் மறுக்கப்படும். பழுது வந்தவுடன் முதலில் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி அனுமதி பெறுங்கள். அனுமதிக்கு முன் பட்டறையில் இயந்திரத்தைப் பிரிக்க விடாதீர்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமான கோரிக்கையை மறுத்துவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஜொகூர் பாருவிலும் அதற்கு அலுவலகம் உண்டு. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே பேசப்போவது நம் காகிதங்கள்தாம். 1969இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம்.

நேயர்களே, இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்வோம். கெட்டுப்போகக்கூடிய பாகம் பட்டியலில் இருக்கிறதா? கிடைக்கும் தொகை பழுதுச் செலவுக்குப் போதுமா? நிபந்தனைகளை நம்மால் கடைப்பிடிக்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், கடைசி நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கார்ப் பணமாகச் சேமியுங்கள்.

வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிச் சம்பாதித்த பணம் அது. அந்தப் பொடி எழுத்தை இந்த வாரமே உட்கார்ந்து வாசித்துவிடுங்கள்.